காலையில் மட்டும் கேட்கும் சத்தம்

திருச்சியில் சரக்கு வாகன ஓட்டுநர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பிக்கப் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் போடுகிற சத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் போட்டுப் பேசும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இந்த ஒரு சத்தத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், இறக்க வேண்டாத இன்ஜினை இறக்கியவர்கள் இருக்கிறார்கள். அதையே அலட்சியமாக விட்டு, லோடோடு நடுவழியில் நின்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் அடி வண்டிக்காரருக்குத்தான். மாதாமாதம் தவணை கட்டுகிறவரின் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால், அந்த மாதக் கணக்கே குப்புற விழுந்துவிடும்.

நம் ஊரில் பிக்கப் வண்டிகளின் நாள் எப்போது தொடங்குகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தைக்குத் திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலிப் பக்கத்திலிருந்தும், காவிரிக்கு அக்கரையில் எட்டரை, கோப்பு, போசம்பட்டியிலிருந்தும் பூ வருகிறது. காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வருகிறது. விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நடக்கும் நாட்களில் ரங்கநாதர் கோயிலைச் சுற்றிப் பூவுக்கு இருக்கும் கிராக்கி எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் நிறுத்திய வண்டி, எட்டு ஒன்பது மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு, பின்னிரவில் செல்ஃப் அடித்ததும் உடனே ஓட வேண்டியிருக்கிறது.

திருச்சியில் என்ன பெரிய குளிர் என்று கேட்பீர்கள். டிசம்பர், ஜனவரியில்கூட விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கனடாவில் பனியில் நிற்கும் வண்டிக்கு இன்ஜின் பிளாக்கையே மின்சாரத்தால் சூடேற்றி வைப்பார்கள். அந்தக் கஷ்டம் நமக்கு இல்லை. ஆனால் ஓடும் இன்ஜினில் தண்ணீர் 80, 90 டிகிரியில் இருக்கும். அதோடு பார்த்தால் 20 டிகிரி என்பது இன்ஜினுக்குக் குளிர்தான். நாம் சாதாரணமாக ஊற்றும் 15டபிள்யூ-40 ஆயில், 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏழெட்டு மடங்கு கெட்டியாக இருக்கிறது. 20 டிகிரியில் இன்னும் கெட்டி.

அதைவிட முக்கியமானது, நின்ற நேரம். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது மேலே ஹெட்டில் இருந்த ஆயில் மெல்ல மெல்ல வடிந்து சம்புக்குப் போய்விடுகிறது. பேரிங்குகளில் ஒரு மெல்லிய படலம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் ஆயில் பம்பு சம்பிலிருந்து உறிஞ்சி, ஃபில்டரை நிரப்பி, பிளாக்கில் உள்ள வழிகளை நிரப்பி, கடைசியாக மேலே கேம் ஷாஃப்டுக்கு ஏற்ற வேண்டும். அதற்கு ஓரிரு நொடி ஆகும். அந்த ஓரிரு நொடிக்குள் ஆயில் அழுத்தத்தை நம்பி வேலை செய்கிற பாகங்களெல்லாம் தளர்ந்து நிற்கின்றன. ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள வண்டியில் டேப்பெட் அடிக்கும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயிலில் வேலை செய்வதாக இருந்தால், செயின் தளர்ந்து முன்பக்கத்தில் கரகரக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். திருவானைக்காவலிலோ ஸ்ரீரங்கத்திலோ இருக்கிற ஒருவர் காலையில் இந்தச் சத்தத்தைக் கேட்கிறார். சந்தையில் லோடு இறக்கிவிட்டு, காவிரிப் பாலம் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து, பால்பண்ணைப் பக்கத்துப் பட்டறைக்கு வந்து சேர்கிறார். அதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஸ்டார்ட் செய்கிறார். சத்தம் இல்லை. “காலையில மட்டும்தாண்ணே வருது” என்கிறார் ஓட்டுநர். மெக்கானிக்கும் கேட்காத சத்தத்துக்குத் தன் அனுபவத்தில் தோன்றியதைச் சொல்கிறார். டேப்பெட் என்பார் ஒருவர், செயின் என்பார் ஒருவர், பிஸ்டன் என்பார் இன்னொருவர். மூன்று பேரும் திறமைசாலிகளாகவே இருக்கலாம். ஆனால் மூன்று பேருமே சத்தத்தைக் கேட்கவில்லை. இப்படித்தான் நம் ஊரில் பல இன்ஜின்கள் இறங்குகின்றன.

இருமல் என்று போனால் நல்ல வைத்தியர் முதலில் கேட்பது என்ன? எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான். காலைச் சத்தத்துக்கும் அதுவே முதல் கேள்வி. எத்தனை நொடி, எத்தனை நிமிடம்?

சாவி திருப்பியதும் வந்து, ஐந்து நொடிக்குள் அடங்கிவிட்டால், ஆயில் வந்து சேருவதில்தான் முதல் சந்தேகம். டேப்பெட், டென்ஷனர், ஆயில் ஃபில்டர், ஆயில் அளவு, ஆயில் ரகம் என்று அந்த வரிசையில் போகலாம். இரண்டு மூன்று நிமிடம் நீடித்து, இன்ஜின் சூடு ஏற ஏறக் குறைந்தால், அங்கே சூட்டில் விரிகிற உலோகம் எதையோ அடைக்கிறது என்று அர்த்தம். பிஸ்டன் அலுமினியக் கலவை. பல டீசல் இன்ஜின்களில் பிளாக்கும் லைனரும் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாக விரியும். அதனால் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையே இடம் கூடுதலாக இருக்கிறது. தேய்ந்த இன்ஜினில் பிஸ்டன் பக்கவாட்டில் தட்டும். சூடானதும் இடைவெளி சுருங்கிச் சத்தம் போய்விடும். இதைக் கேட்டுப் பயந்து இன்ஜினை இறக்க ஓட வேண்டாம். ஆயில் குறையாமல், புகை இல்லாமல், இழுவை குறையாமல் இருந்தால் இந்தத் தட்டலோடு வண்டி வெகு தூரம் ஓடும்.

இதே மாதிரி சூட்டில் மறைகிற இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங். ஒரு ஸ்டட் உடைந்திருக்கும், அல்லது பேக்கிங் ஓரத்தில் கருகியிருக்கும். அந்தச் சந்து வழியாகப் புகை சீறும்போது டிக் டிக் என்று டேப்பெட் அடிப்பதைப் போலவே கேட்கும். இதைக் கண்டுபிடிக்கக் காது மட்டும் போதாது, கண்ணும் வேண்டும். மேனிஃபோல்டு சேருகிற இடத்தில் கரி படிந்த கறுப்புத் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டேப்பெட்டுக்குப் பணம் செலவழித்தபின் இந்தக் கறுப்புத் தடத்தைப் பார்ப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சூடானபிறகும் நிற்காத சத்தம் வேறு வகை. ஆக்சிலேட்டரை மிதித்ததும், லோடு ஏறியதும் பெரிதாகிற ‘டொக் டொக்’ என்ற கனத்த சத்தம் என்றால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. ஸ்டார்ட் ஆகிச் சில நொடி கழிந்தும் ஆயில் லைட் அணையாமல் சத்தம் வந்தாலும் உடனே நிறுத்துங்கள். இந்த இரண்டைத் தவிர மற்றவற்றில் நிதானமாகப் பார்க்க நேரம் உண்டு.

அடுத்தது, சத்தம் எங்கிருந்து வருகிறது? பட்டறைகளில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். பழைய முறைதான், நல்ல முறையும்கூட. இன்றைக்கு மெக்கானிக்குக்கென்றே ஸ்டெதஸ்கோப் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஓடும் ஃபேன் பக்கத்தில் தலையைக் கொண்டுபோவதைவிட அது எவ்வளவோ மேல். முன்பக்கம் டைமிங் கவர், மேலே வால்வு கவர், பக்கத்தில் பிளாக், கீழே சம்ப் என்று ஒவ்வொரு இடமாக வைத்துக் கேளுங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் குற்றவாளி இருக்கிறான். அவன் இன்ஜினுக்கு வெளியிலும் இருக்கலாம். கிளட்ச் பெடலை மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால், அது கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கத்து விஷயம். சைலன்சர் பைப்பைச் சுற்றியிருக்கும் தகடு தளர்ந்தாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சலசலக்கும். ஒரு கிளிப் போட்டால் முடிகிற வேலை அது.

தாளம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், கேம் ஷாஃப்ட் 400 சுற்றுத்தான் சுற்றும். வால்வு, டேப்பெட், ஒரே ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் இவற்றின் சத்தம் அந்தப் பாதி வேகத்தில், நொடிக்கு ஆறேழு தட்டாக வரும். கிராங்கோடு சேர்ந்த சத்தம் அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் வரும். போனில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டால் யாரும் எண்ணிவிடலாம். உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள், செய்து காட்டுவார்கள்.

திருவளர்சோலைப் பக்கத்தில் பூ ஏற்றுகிற ஒரு தம்பியின் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். பட்டறையில் டைமிங் செயின் போய்விட்டது, இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். “தம்பி, நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க” என்றேன். “அண்ணே, மூணு மணிக்கு மூட்டை ஏத்தணும், ரெண்டரைக்கே வந்துருங்கண்ணே” என்றார். போனேன். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கத்திலிருந்து கரகரவென்று நாலு நொடிக்குச் சத்தம். டேஷ்போர்டில் ஆயில் லைட்டும் அதே நாலு நொடி எரிந்துவிட்டு அணைந்தது. சத்தமும் லைட்டும் ஒன்றாக நின்றதைக் கவனிக்கச் சொன்னேன். அவர் அதுவரை லைட்டைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் ஃபில்டரைக் கழற்றினோம். அந்த வண்டியில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கிறது. இப்படி இருக்கிற ஃபில்டருக்குள், ராத்திரி ஆயில் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்க ரப்பராலோ சிலிகானாலோ ஒரு வளைய வால்வு வைத்திருப்பார்கள். அது நன்றாக இருந்தால் காலையில் கழற்றும்போது ஆயில் நிறைய இருக்கும். கை நனையும், கீழே தட்டு வைக்காவிட்டால் தரையெல்லாம் ஆகும். இந்த ஃபில்டரிலிருந்து ஒரு கரண்டி ஆயில்கூட வரவில்லை. வாய்ப்பக்கத்து ஓட்டைகள் வழியாக அந்த ரப்பர் வளையத்தை விரலால் அழுத்தினால் வளையவே இல்லை. விறைத்து, ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. விலை குறைவு என்று வாங்கிய, பெயர் தெரியாத ஃபில்டர். வண்டிக்கு உரிய ஃபில்டரைப் போட்டு, உரிய ரக ஆயிலை ஊற்றினார். அதற்கடுத்த காலை லைட் சட்டென்று அணைந்தது, கரகரப்பு இல்லை. நகை பெட்டியிலேயே இருக்கிறது.

எல்லா வண்டிக்கும் இதுதான் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செயின் நீண்டுபோயிருந்தால், டென்ஷனர் தேய்ந்திருந்தால் ஃபில்டரால் ஒன்றும் ஆகாது. வாய் மேல்நோக்கித் தொங்குகிற ஃபில்டரில் இந்த வால்வுக்கு அவ்வளவு வேலையும் இல்லை. ஆனாலும் சோதனையைக் குறைந்த செலவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்கச் செலவில்லை. ஃபில்டருக்குச் சில நூறு ரூபாய். செயின் மாற்ற ஆயிரக்கணக்கில்.

ஃபில்டரிலும் தீராவிட்டால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில், அந்தந்த வண்டிக்குரிய முறையில் டீசல் பாயாமல் தடுத்துவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். பிறகு டீசலை விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் இல்லை என்றால் ஆயில் தாமதமாக வருவதுதான் காரணம். அப்போதும் அதே சத்தம் என்றால் ஆயிலை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். லைட்டை மட்டும் நம்பவும் கூடாது. பல வண்டிகளில் அரை பார் அழுத்தம் வருவதற்குள்ளேயே அது அணைந்துவிடும். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பார்ப்பதுதான் சரி. சூடான இன்ஜினில் 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறையில் வழங்குகிற பொதுக் கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியிருப்பது அதைவிட உறுதியானது.

டீசல் இன்ஜினுக்கே உரிய ஒரு சத்தமும் இருக்கிறது. குளிர்ந்த சிலிண்டரில் பாய்ந்த டீசல் தீப்பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் அதிக டீசல் சேர்ந்து, எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதால் சுத்தியால் அடிப்பதுபோலக் கேட்கும். காமன் ரெயில் வண்டிகளில் முதலில் துளி டீசலை விட்டு, பிறகு மீதியை விட்டு இதை மென்மையாக்குகிறார்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் இந்த அடி கடுமையாக இருந்து, வெள்ளைப் புகையும் வந்தால் இன்ஜெக்டரையும் குளோ பிளக்கையும் பார்க்க வேண்டும். இங்கே பட்டறைத் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பம்பு வண்டிகளில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரில் சத்தம் நிற்கிறது என்று பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பைப்பில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். உங்கள் பின் டயரில் 60 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அதைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு. சீறி வருகிற டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். இன்ஜெக்டர்களை ஸ்கேனர் மூலம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

காதால் கேட்டுக் குறை கண்டுபிடிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் நம் பொன்மலைக்கு வந்தது. ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டி, கணீரென்று வந்தால் நல்லது, மந்தமாக வந்தால் விரிசல் என்று சொல்லிய தொழில் அது. நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து கொடுத்த பணிமனை பொன்மலை. அந்தத் தலைமுறையிடம் தொழில் கற்றவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பட்டறைத் தம்பிகள் அவர்களைத் தேடிப் போய்ப் பேச வேண்டும்.

இது நம் ஊர்ப் பிக்கப்புக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவில் நிறைய விற்கும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில், 3.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினில் இதே மாதிரி காலைக் கரகரப்பு வந்தது. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற கேம் ஃபேஸர் என்ற பாகத்தில் கோளாறு. உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொன்னபின், 2021இல் கம்பெனி அதற்கென்று ஒரு பழுதுநீக்கத் திட்டமே அறிவித்தது. அந்தப் புகார்களுக்கு வலு சேர்த்தது, ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டைப் பதிவு செய்து வைத்திருந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். வாரண்டி உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குகிற பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்டியை விற்கப் போகிறவர் செய்வார், வாங்குகிறவர் ஏமாறுவார். சொந்த வண்டியிலேயே செய்கிறவர்களும் உண்டு. சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏற இன்னும் நேரம் ஆகும், தேய்மானம் கூடும். கம்பெனி சொன்ன ரகத்தை விட்டு விலகுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுப்பதையும் விடுங்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. அது ஆயில் படலத்தின்மேல்தான் மிதக்கிறது. ஆயில் போகும் முன்பே அதை விரட்டினால் அதன் ஆயுசு குறையும். பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். பிறகு மெதுவாகக் கிளம்பி, காவிரிக் கரை வரை நிதானமாக ஓட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காலையில் சத்தம் போடுகிற வண்டியைக் காலையில் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே கொண்டுபோய் விடுங்கள். சாவியைக் கையில் கொடுத்து, “அண்ணே, நாளைக்கு முதல் ஸ்டார்ட் நீங்கதான் அடிக்கணும், பக்கத்துல நின்னு கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் வாடகை போகும். இன்ஜின் இறக்கும் செலவோடு பார்த்தால் அது பெரிதில்லை. மெக்கானிக் நண்பர்களே, உங்களிடமும் கேட்கிறேன்: குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தை உங்கள் காதால் கேட்காமல் இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வர முடியாதவர்களுக்கு முதல் ஸ்டார்ட்டைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். டேஷ்போர்டு லைட்டும் அதில் தெரிய வேண்டும்.